நீறு பூத்த நெருப்பைத் தேடும் விதம்

பகலில் எனக்கு வங்கிக் கணக்கு, இரவில் கருந்துளைக் கணக்கு: கேலக்ஸி எனும் விண்மீன் கூட்டங்களுக்குள், தூசுக்குப் பின்னால் ஒளிந்து தின்னும் கருந்துளைகளைத் தேடுகிறேன். சொந்தமாக டெலஸ்கோப் கிடையாது. பழைய லாப்டாப் ஒன்றும் கழித்தல் கணக்கும் போதும், நீங்களும் இறங்கலாம்.

கருந்துளை வாயுவை விழுங்கும்போது எழும் வெளிச்சத்தைச் சுற்றியிருக்கும் தூசு பல நேரம் மறைத்துவிடும். ஆனால் தூசு சூடாகும். சுமார் 1,500 கெல்வினைத் தாண்டினால் ஆவியாகிவிடும், அதற்குக் கீழே தணலாகக் கிடக்கும். 2,900-ஐ வெப்பநிலையால் வகுத்தால், எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளத்தில் அதிகம் ஒளிரும் என்று வரும். 1,500-க்கு ஏறக்குறைய 2, 600-க்கு 5. விண்மீன்களின் ஒளியோ இங்கே அலைநீளம் கூடக் கூடச் சரிந்துகொண்டே போகும். அந்த வித்தியாசம்தான் நம் பிடி.

நாசாவின் வைஸ் விண்கலம் 2009 டிசம்பரில் கிளம்பி, வானம் முழுவதையும் 3.4, 4.6, 12, 22 மைக்ரான்களில் படம் பிடித்தது. இர்சா என்ற இணையக் காப்பகத்தில் எல்லாம் இலவசம். அதில் வைஸின் ஆல்வைஸ் பட்டியலைத் திறந்து, நடுவில் கருந்துளை வெறியோடு தின்னும் 3சி 273 என்ற குவேசாரைத் தேடுங்கள். டபிள்யூ1 (3.4 மைக்ரான்), டபிள்யூ2 (4.6 மைக்ரான்) பொலிவெண்களை எடுத்து (எண் கூடினால் மங்கல் என்று பொருள்), முதலிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். வெறும் விண்மீன் கூட்டமென்றால் விடை பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். 0.8-ஐத் தொட்டால் உள்ளே தணல் இருக்க வாய்ப்பு அதிகம். வானியலாளர் டேனியல் ஸ்டெர்ன் குழுவினர் 2012-இல் வைத்த வரம்பு இது. டபிள்யூ2 ஏறக்குறைய 15-ஐவிட மங்கலாக இருந்தால் நம்பாதீர்கள்.

சரி, எம்87 என்ற கேலக்ஸியைப் போட்டுப் பாருங்கள். 2019-இல் உலகமே படம் பார்த்த கருந்துளை அங்கேதான் இருக்கிறது, ஆனால் நம் தேர்வில் தேறாது! அது மிகக் கொஞ்சமாகத்தான் தின்கிறது, விண்மீன்களின் ஒளி அதை அமுக்கிவிடுகிறது. அதனால் 0.8-க்குக் கீழே வந்தால் 'கருந்துளை தூங்குகிறது' என்று எழுதிவிடாதீர்கள்.

நான் ஏமாந்தது வேறு விதம். ஒரு புள்ளிக்கு வித்தியாசம் 2-ஐத் தாண்டியது. அன்று இரவு தூக்கமே இல்லை. மறுநாள் பார்த்தால் அது பழுப்புக் குள்ளன், விண்மீனாக எரியும் அளவுக்கு எடை சேராத ஒன்று. அதன் காற்றிலிருக்கும் மீத்தேன் 3.4 மைக்ரான் ஒளியை விழுங்கிவிட, கணக்கு செவ்வனே சிவந்திருக்கிறது. தொலைதூரக் கேலக்ஸி என்று நினைத்தது, பக்கத்துத் தெருக்காரர்.

அப்புறம், ஒற்றை எண்ணோடு நிறுத்தாதீர்கள். தூங்க வைத்த வைஸை 2013-இல் எழுப்பி, நியோவைஸ் என்ற பெயரில் 2024 வரை ஓட்டினார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே இடத்தைப் பார்த்திருக்கிறது. தேதி ஒரு அச்சு, பொலிவு ஒரு அச்சு என்று வரையுங்கள். கருந்துளையின் தீனி கூடிக் குறைந்தால் தூசின் சூடும் சற்றுத் தாமதமாகப் பின்தொடரும், கோடு ஏறி இறங்கும்.

என் குள்ளனுக்கும் வரைந்தேன். கோடு அசையவே இல்லை. பக்கத்துத் தெருக்காரர் அல்லவா, ஆள்தான் வானத்தில் வருடத்துக்கு வருடம் கொஞ்சம் தள்ளி நின்றார்.