தொஹோகு நிலநடுக்கத்துக்கு முன்னும் பின்னும்: அலைத் தணிவை நீங்களே கணக்கிடலாம்

2011 மார்ச் 11 அன்று, பசிபிக் தட்டு ஜப்பானுக்கு அடியில் அமிழும் இடத்தில் 9.0 அளவு தொஹோகு நிலநடுக்கம் வந்ததே, அதற்கப்புறம் அங்குள்ள பாறை முன்பைவிட அதிகமாக அலையை விழுங்குகிறதா? கொஞ்சம் பைத்தான் தெரிந்தால் வீட்டுக் கணினியிலேயே பார்த்துவிடலாம். அளக்கப்போவது க்யூ (Q) என்ற எண்; பாறை அலையை எவ்வளவு குறைவாகத் தணிக்கிறதோ அவ்வளவு பெரிதாக இருக்கும். விரிசலும் அதில் நீரும் கூடினால் க்யூ குறையும், தணிவு கூடும், அதிலும் உயர் அதிர்வெண்தான் அதிகம் அடிவாங்கும்.

முதலில் தரவு. ஜப்பானின் ஹை-நெட் (Hi-net) நில அதிர்வுக் கருவிகள் 100 மீட்டரோ அதைவிட ஆழமாகவோ போகும் ஆழ்துளைக்குள் இருப்பதால் மேற்பரப்பு இரைச்சல் குறைவு. பதிவு செய்துகொண்டு இறக்குங்கள். வின்32 (WIN32) கோப்பு வடிவில் வரும், நில அதிர்வு மென்பொருள்கள் படிக்கும் சாக் (SAC) வடிவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஜோடி தேடுவது, பாதி வேலை இதுதான். ஒரே இடத்தில், ஒரே அளவில், 2011 மார்ச்சுக்கு முன் ஒன்று, பின் ஒன்று என இரண்டு சிறு நடுக்கங்கள் வேண்டும். பலரும் உடனே ஜப்பானின் வடகிழக்குக் கரையிலுள்ள கமாய்ஷி நகருக்கு அருகே கடலடியில் ஏறக்குறைய 5 ஆண்டுக்கொருமுறை திரும்ப வந்த நடுக்கத்தைத்தான் நினைப்பார்கள், ஆனால் தொஹோகுவுக்குப் பின் அது பெரிதாகவும் அடிக்கடியும் வர ஆரம்பித்துவிட்டது. பெரிய நடுக்கத்தில் இயல்பாகவே உயர் அதிர்வெண்ணின் பங்கு குறைவு என்பதால், பாறை மாறாமலே தணிவு கூடியதுபோல் காட்டி ஏமாற்றிவிடும். ஜோடி ஒரே இடத்ததுதானா என்று தெரிய அலைவடிவ ஒற்றுமையைப் பார்க்கும்போது 1 முதல் 4 ஹெர்ட்ஸுக்குள் மட்டும் பாருங்கள், இல்லையென்றால் தணிவு மாறிய ஜோடிகளையே நீங்கள் கழித்துக்கட்டிவிடுவீர்கள்.

சரி, கணக்கு. எஸ் அலை (முதல் அலைக்குப் பின் வரும் குறுக்கலை) வந்ததிலிருந்து 5 விநாடியை வெட்டி, ஃபூரியே மாற்றம் செய்து அதிர்வெண் வாரியாகப் பிரித்து, இரைச்சலைப்போல் 3 மடங்காவது இல்லாத அதிர்வெண்களை விட்டுவிடுங்கள். பின்னதை முன்னதால் வகுத்து, இயல் மடக்கை எடுத்து, அதிர்வெண்ணுக்கு எதிராக நேர்கோடு பொருத்துங்கள். சாய்வு மைனஸ் 0.0314 என்று வந்தால், அதை மைனஸ் பையால் (π) வகுக்க 0.01 விநாடி, டி-ஸ்டார் அவ்வளவு கூடியிருக்கிறது. டி-ஸ்டார் என்பது பயண நேரத்தை க்யூவால் வகுத்தது. 20 விநாடிப் பயணத்தில் முன்பு க்யூ 500 என்றால் டி-ஸ்டார் 0.04, இப்போது 0.05, ஆக க்யூ 400.

ஒரே நிலையத்தில் மட்டும் மாற்றம் தெரிந்தால் அது பெரும்பாலும் கருவிக்கு அருகிலுள்ள மண் குலுங்கித் தளர்ந்ததன் வேலை. பல நிலையங்களிலும் தெரிந்து, மாதக்கணக்கில் மெல்லக் குறைந்துவந்தால்தான் விரிசல் மூடுவதைப் பற்றிப் பேசலாம். அதற்கும் முன்னால், இரண்டுமே 2011க்கு முந்தியவையான ஜோடிகளுக்கும் இதே கணக்கைப் போடுங்கள். அங்கேயும் 0.01 வந்தால் உங்களிடம் இருப்பது வெறும் சிதறல்தான்.