'லைட்' ஒரு சொல்லா, இரண்டா? வேர் பிடிக்கும் வழி

எங்கள் பாளையங்கோட்டை டீக்கடையில் பத்து நிமிடம் நின்றால் போதும். "அண்ணாச்சி, லைட்டா ஒரு டீ", "லைட் கலர் சட்டை போட்டிருந்தாரே, அவரா?", "காலையிலே லைட்டாத்தான் சாப்பிட்டேன்."

எல்லாம் ஒரே லைட்தானா என்று அக்கா மகன் கேட்டான். "வெளிச்சத்துக்கு எடை கிடையாதுல்லா, அதான் கனமில்லாததுக்கும் அதே பேரு" என்று அடித்துவிட்டேன். "அப்போ டார்க்னா கனமா, மாமா?" என்றான். அன்று ராத்திரி உட்கார்ந்து தேடியதுதான் இது. வேறு எந்தச் சொல்லுக்கும் இதே வழிதான்.

படி 1: உடனே அகராதியைத் திறக்காதீர்கள். தெரிந்த பயன்பாடுகளை நோட்டில் எழுதி, எதிர்ச்சொல் போடுங்கள். எதிர்ச்சொல் மாறினால், சொல்லும் வேறோ என்று சந்தேகப்படலாம். லைட் கலருக்கு டார்க். லைட் லக்கேஜுக்கு ஹெவி. டீக்கு டார்க் இல்லை, ஸ்ட்ராங்; ஆகவே லக்கேஜ் பக்கம். டிக்காஷன் குறைந்தால் நிறமும் வெளுக்குமே என்று மருமகன் இன்னும் மல்லுக்கு நிற்கிறான்.

படி 2: ஆங்கிலம்–ஆங்கிலம் அகராதி எடுங்கள். மொழிபெயர்ப்பு ஆப் வேண்டவே வேண்டாம், 'ஒளி' என்று ஒரு சொல்லில் முடித்துவிடும். என் கை போவது கன்சைஸ் ஆக்ஸ்ஃபோர்டுக்கு. வேர் பார்க்க எடிமான்லைன் என்ற இணையதளம், இலவசம்.

படி 3: நான் சறுக்கியது இங்கேதான். அகராதியில் இரண்டு வகை எண் உண்டு. விளக்கத்துக்குள் வரும் 1, 2, 3 எல்லாம் ஒரே சொல்லின் பல பொருள்கள். விளக்கத்துக்கு முன்னால் தலைப்பாக நிற்கும் தலைச்சொல்லின் தோளில் பொடியாக ஒட்டியிருக்கும் எண் வேறு: இது தனிச் சொல், எழுத்து மட்டும் ஒன்று என்று அர்த்தம். அந்தப் பொடி எண் என் கண்ணிலேயே படவில்லை. லைட்டுக்கு முக்கியமாக இரண்டு தலைச்சொல்: ஒன்று வெளிச்சம், இன்னொன்று கனமில்லாதது. பழைய ஆங்கிலத்திலேயே இரண்டும் ஒரே வடிவத்துக்கு வந்துவிட்டன. ஜெர்மனில் இன்றும் தனித்தனி: கனமில்லாததற்கு 'லைஷ்ட்', வெளிச்சத்துக்கு 'லிஷ்ட்'. நான் சொன்ன எடைக் கதை அதோடு காலி.

படி 4: உறவுகளைத் தேடுங்கள். கனமில்லாத லைட்டின் வேரிலிருந்து வந்ததுதான் சமஸ்கிருத 'லகு'. நாம் 'லகுவா முடிஞ்சிட்டு' என்கிறோமே, அதேதான். வெளிச்ச லைட்டுக்கு உறவு 'ருச்', ஒளிர்தல். அதில் பிறந்த 'ருசி'க்கு ஒளி, விருப்பம், சுவை என்று பொருள் வளர்ந்து, சுவை மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. நெல்லையப்பர் கோயில் எதிரே மங்கலான வெளிச்சத்தில் அல்வா விற்கும் இருட்டுக்கடைக்கு ருசியால் புகழ் வந்ததை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

பின்சேர்க்கை: மெரியம்-வெப்ஸ்டர் அகராதியில் இரண்டுக்கு மேல் எண் இருக்கிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். சரிதான். அங்கே பெயர்ச்சொல், வினைச்சொல், பெயரடை ஒவ்வொன்றுக்கும் தனி எண். எண்ணை விட்டுவிட்டு, சொல் பிறந்த கதையைச் சொல்லும் வரியைப் பாருங்கள்.

இன்னொருவர், வண்டியிலிருந்து இறங்குவதைச் சொல்லும் 'அலைட்' எந்தப் பக்கம் என்றார். கனப் பக்கம்: ஆள் இறங்கினால் குதிரைக்குப் பாரம் குறையும். ஆட்டு நுரையீரலுக்கும் ஆங்கிலத்தில் 'லைட்ஸ்' என்று பெயர் உண்டு, எடை குறைந்த உறுப்பு என்பதால். கறிக்கடையில் வாங்கி வந்து தண்ணீரில் போட்டுப் பாருங்கள், மிதக்கும். நம் ஆட்கள் அதையே 'நுரை' என்று பார்த்திருக்கிறார்கள்.