வெற்றுத்தாளில் தொடங்க வேண்டாம்

வண்ணம் தீட்டினால் மனபாரம் குறையும் என்று கேள்விப்பட்டு, கலர் பென்சில் பெட்டியும் ஒரு கட்டு வெள்ளைத்தாளும் வாங்கிவிடுகிறார்கள். பத்து நாள் கழித்துக் கேட்டால், "எதை வரைவதென்றே தெரியவில்லை டீச்சர்" என்கிறார்கள். பெட்டியில் ஒரு பென்சில்கூடத் தேய்ந்திருக்காது.

கும்பகோணத்தில் பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். சனிக்கிழமை பிற்பகல்களில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சிலர் வந்து உட்கார்ந்து வரைகிறார்கள். படுக்கையில் கிடக்கும் மாமியாரை வருடக்கணக்காகக் கவனித்துவரும் ஒரு பெண், பக்கவாதம் வந்து மெல்லத் தேறிவரும் பஸ் நடத்துநர், கணவர் போனபின் தூக்கத்தைத் தொலைத்த ஓர் அம்மாள். ஓவியராக வேண்டும் என்று வந்தவர் ஒருவரும் இல்லை. அவர்கள் எல்லாருக்கும் முதல் நாள் நான் சொல்வது, வெற்றுத்தாளில் தொடங்க வேண்டாம் என்பதுதான்.

நாள் முழுக்க முடிவு எடுத்தே களைத்துப்போன மனத்தின் முன் வெள்ளைத்தாளை வைத்தால், அது இன்னொரு முடிவைக் கேட்கிறது. 2005இல் அமெரிக்காவில் நான்சி கரி, டிம் கேசர் என்ற இருவர் 84 கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முதலில் எல்லாரையும் தாங்கள் பயந்த ஒரு சம்பவத்தை எழுதச் சொல்லிப் பதற்றத்தை ஏற்றினார்கள். பிறகு ஒரு குழுவுக்கு வட்டமான மண்டலச் சித்திரம், இன்னொரு குழுவுக்குக் குறுக்கும் நெடுக்குமான கட்டச் சித்திரம், மூன்றாவது குழுவுக்கு வெற்றுத்தாள் கொடுத்து வண்ணம் தீட்டச் சொன்னார்கள். முதல் இரண்டு குழுக்களுக்கும் பதற்றம் நன்றாக இறங்கியது. வெற்றுத்தாள் வாங்கியவர்களுக்கு அப்படி இறங்கவில்லை. எல்லை போட்ட சின்னச் சின்ன இடங்கள் கைக்கு வேண்டியிருக்கின்றன. நமக்கு அவற்றைக் கடையில் தேடும் அவசியம் இல்லை. புள்ளி வைத்துக் கோலம் போடத் தெரிந்தவர் வீட்டில் ஒருவராவது இருப்பார்.

வாங்க வேண்டியவை

12 வண்ணங்கள் உள்ள கலர் பென்சில் பெட்டி போதும். 48 வண்ணப் பெட்டி வேண்டாம். எதை எடுப்பது என்ற தவிப்பிலேயே பாதி நேரம் போய்விடும். ஸ்கெட்ச் பேனாவும் வேண்டாம். மை தாளின் பின்பக்கம் ஊறும், அதைவிட முக்கியமாக, நீங்கள் அழுத்தினாலும் தடவினாலும் அது ஒரே நிறத்தைத்தான் தரும். கலர் பென்சில் கையின் அழுத்தத்துக்கு ஏற்ப வெளிறும், அடரும். அந்த மாற்றத்தைக் கண் பின்தொடர்வதில்தான் நமக்கு வேண்டியது நடக்கிறது.

தாள் சற்றே சொரசொரப்பாக இருக்க வேண்டும். வழவழப்பான தாளில் பென்சில் நிறம் ஒட்டாமல் வழுக்கும். சாதாரண டிராயிங் நோட்டு நன்றாகவே வேலை செய்யும். புள்ளி வைத்துப் பழக, கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்று. நல்ல ஷார்ப்னர் ஒன்று. கிளிப் வைத்த பரீட்சை அட்டை ஒன்று. ஒரு கை வராதவர்களுக்கு இந்த அட்டை பெரிய உதவி, தாள் நகராது. எங்கள் நடத்துநருக்கு விரல் மடங்காத நாட்களில், பென்சிலில் கைக்குட்டையைச் சுற்றி மேலே ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தேன். பிடி தடிமனாக இருந்தால் விரலுக்கு வேலை குறைகிறது. அதுவும் முடியாவிட்டால் தடித்த கிரேயானோ ஆயில் பேஸ்டலோ எடுத்துக்கொள்ளலாம்.

அழிக்கும் ரப்பரைப் பக்கத்திலேயே வைக்காதீர்கள். அது இருந்தால் கண் தப்பைத் தேடத் தொடங்கும். நாற்பது வயதுக்காரர் எட்டாம் வகுப்பு மாணவர் ஆகிவிடுவார்.

புள்ளியும் கம்பியும்

நோட்டின் நடுவில் இரண்டு கட்டத்துக்கு ஒன்றாக 5 புள்ளிகளை ஒரே வரிசையில் வையுங்கள். அதற்கு மேலே நடு மூன்று புள்ளிகளுக்கு நேராக 3, அதற்கும் மேலே நடுவில் 1. கீழேயும் அப்படியே 3, 1. மொத்தம் 13 புள்ளிகள், நேர்ப்புள்ளி. இப்போது சிக்குக் கோலத்தின் கம்பியை ஓட்டுங்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் இரண்டுக்கும் இடையில் கோடுகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிப் போகும். ஓரத்துப் புள்ளி வந்தால் அதை வளைத்துக்கொண்டு கோடு உள்ளே திரும்பும். எந்தப் புள்ளியையும் கோடு தொடக் கூடாது. விதி அவ்வளவுதான். வழி தப்பாமல் போனால் இந்தக் கோலம் மூன்று தனிக் கம்பிகளாக மூடிக்கொள்ளும். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஓர் அறை, நடுவே நான்கு நான்கு புள்ளிகளுக்கு இடையில் இன்னும் 4 அறைகள், ஆக 17 அறைகள் கிடைக்கும். ஒருமுறை உட்காரும்போது எல்லாவற்றையும் நிரப்ப முடியாது. முடிக்க வேண்டியதும் இல்லை. விட்ட இடத்தில் நாளைக்குத் தொடரலாம்.

கம்பி ஓட்டும்போது பலருக்கு மூச்சு தானாகவே நிதானப்படுகிறது. கோடு எங்கே வெட்டும், எங்கே வளையும் என்று அடுத்த ஒரு அங்குலத்தை மட்டும் பார்த்தபடி போகிற கண்ணுக்கு, நாளைக்குக் கட்ட வேண்டிய மருத்துவமனை பில் தெரிவதில்லை. கோலமே வராது என்பவர்கள் மகளையோ மருமகளையோ போட்டுத் தரச் சொல்லலாம். ஒரு கோலத்தை நகல் எடுத்து வைத்துக்கொண்டு மாதம் முழுவதும் வேறு வேறு நிறத்தில் தீட்டலாம்.

தீட்டும் முறை

யாரும் கூப்பிடாத நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். மாமியாரைக் கவனிக்கும் அந்தப் பெண், மதியச் சாப்பாடு கொடுத்து அவர் கண் அயரும் நேரத்தை வைத்திருக்கிறார். தொடக்கத்தில் 20 நிமிடம் போதும். போன் வேறு அறையில் இருக்கட்டும்.

பெட்டியைப் பார்த்தவுடன் கை போகிற மூன்று பென்சில்களை எடுத்துவிட்டுப் பெட்டியை மூடுங்கள். ஏன் இந்த மூன்று என்று யோசிக்க வேண்டாம். ஓர் அறையின் கோட்டை ஒட்டி உள்பக்கமாக மெல்லிய விளிம்பு ஒன்று தீட்டிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு உள்ளே சிறு சிறு வட்டங்களாகக் கையை ஓட்டுங்கள். முதல் பூச்சு மிக மெல்லியதாக, தாளின் வெள்ளை தெரியும்படி இருக்கட்டும். இரண்டாவது பூச்சு வேறு திசையில். மூன்றாவதில்தான் அழுத்தம். மஞ்சளின் மேல் நீலத்தை மெதுவாக ஏற்றிப் பாருங்கள். பெட்டியில் இருக்கும் பச்சைப் பென்சில் தராத ஒரு பச்சை அங்கே எழுந்து வரும். அது வருவதைப் பார்க்கிற அந்தச் சில விநாடிகளுக்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

ஓர் அறை முடிந்ததும் பென்சிலைக் கீழே வைத்து, ஒரு நீண்ட மூச்சு விட்டு, அடுத்த அறைக்குப் போங்கள். மனம் எங்கேயோ ஓடிவிட்டால் திட்டிக்கொள்ளாமல் பென்சில் முனையைப் பாருங்கள். திரும்பி வரும்.

"எனக்கு வரைய வராது" என்பவர்களுக்கு ஒரு செய்தி. கிரிஜா கைமல் என்ற ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் அமெரிக்காவின் டிரெக்ஸல் பல்கலைக்கழகத்திலிருந்து 2016இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 39 பேருக்குக் களிமண், மார்க்கர், வெட்டி ஒட்டும் தாள்கள் ஆகியவற்றைக் கொடுத்து 45 நிமிடம் விரும்பியதைச் செய்யச் சொல்லி, முன்னும் பின்னும் அவர்களுடைய உமிழ்நீரில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை அளந்தார்கள். ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு அது குறைந்திருந்தது. முன்பே கலைப் பழக்கம் உள்ளவர், இல்லாதவர் என்ற வேறுபாடு இதில் தென்படவில்லை.

நிறத்துக்கு அர்த்தம் சொல்லாதீர்கள்

இதில் நான் மிகவும் கண்டிப்பானவள். சிவப்பு என்றால் கோபம், கறுப்பு என்றால் துக்கம், நீலம் என்றால் அமைதி என்று பட்டியல் போட்டுக்கொண்டு மற்றவர் தாளை எட்டிப் பார்ப்பவர்களை நான் திண்ணையில் உட்கார விடுவதில்லை. தூக்கம் இழந்த அந்த அம்மாள் வாரக்கணக்கில் அரக்கு நிறத்தை மட்டுமே தீட்டிக்கொண்டிருந்தார். ஊரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் பார்த்துவிட்டு, "இன்னும் மனசு தேறவில்லை பார், எல்லாம் இருட்டாக இருக்கிறது" என்றார். அம்மாள் பதில் சொல்லவில்லை. அவர் போனபிறகு என்னிடம், "இது என் கூறைப்புடவை நிறம். சரியான சாயல் வர மாட்டேன் என்கிறது" என்றார். அன்று இருவரும் உட்கார்ந்து சிவப்பின் மேல் பழுப்பும், அதன்மேல் துளி ஊதாவும் ஏற்றி அந்த அரக்கைப் பிடித்தோம். கல்யாணத்தன்று பெய்த மழையைப் பற்றி அவர் பேசிக்கொண்டே இருந்தார். அர்த்தம் தீட்டுகிறவரிடம் இருக்கிறது. அவராகச் சொன்னால் கேட்கலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். "அழகாக இருக்கிறது" என்று சொன்னால் அடுத்த படமும் அழகாக வர வேண்டுமே என்ற கவலை தொற்றிக்கொள்ளும். "கோட்டைத் தாண்டிவிட்டதே" என்றால் கேட்கவே வேண்டாம். "இந்தப் பச்சை எப்படி வந்தது?" என்று கேளுங்கள். பேச்சு தானாக வளரும்.

கோலத்திலிருந்து வெளியே

சில வாரங்களில் கை எல்லையைத் தாண்ட ஆசைப்படும். அப்போது படுக்கைக்கு அருகில் கண்ணில் படும் பொருளை வரையுங்கள்: சொம்பு, மாத்திரை அட்டை, கண்ணாடிக் கூடு. ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர் 1938இல் காசநோய்க்காக மிட்ஹர்ஸ்ட் சானடோரியத்தில் இருந்தபோது, கட்டிலில் இருந்தபடியே பக்கத்தில் இருந்தவற்றை வரைந்துதான் அந்த நாட்களைக் கடந்தார். பிறகு மற்ற நோயாளிகளையும் வரைய வைத்தார். 1942இல் இதற்குக் கலைச் சிகிச்சை என்று பெயர் கொடுத்தவர் அவரே.

பென்சில் பிடிக்கவே முடியாத நாட்களும் உண்டு. அப்போது வண்ணத்தாளைக் கையால் கிழித்து ஒட்டலாம். 1941இல் பெரிய வயிற்று அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, நிற்க முடியாமல் கட்டிலிலும் சக்கர நாற்காலியிலுமாக இருந்த பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ், உதவியாளர்கள் வண்ணம் பூசித் தந்த தாள்களைக் கத்தரிக்கோலால் வெட்டியே தம் கடைசிக்காலப் பெரும் படைப்புகளைச் செய்தார். எங்கள் திண்ணையில் பழைய கல்யாணப் பத்திரிகைகள் கிழிபடுகின்றன. அவற்றின் மஞ்சளும் சிவப்பும் ஒட்டுவதற்கு அவ்வளவு பொருத்தம்.

கோபம் நெஞ்சை அடைக்கிற நாளில் கோலம் வேண்டாம். பழைய செய்தித்தாளை விரித்து, கறுப்புக் கிரேயானால் தோள் வலிக்கும்வரை கிறுக்குங்கள். தாள் கிழிந்தால் கிழியட்டும். கை ஓய்ந்தபிறகு அந்தக் கிறுக்கலுக்குள் தெரியும் இடைவெளி ஒன்றை மட்டும் எடுத்து, பிடித்த நிறத்தால் நிரப்புங்கள்.

ஒவ்வொரு தாளிலும் தேதி போட்டுப் பெயரை எழுதுங்கள். இதையும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த தெரேசின் முகாமில், பிரீடல் டிக்கர் பிராண்டைஸ் என்ற ஓவிய ஆசிரியை அங்கிருந்த குழந்தைகளுக்கு வரையக் கற்றுக்கொடுத்தார். 1944 அக்டோபரில் அவர் ஆஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார். குழந்தைகளின் ஏறக்குறைய 4,500 ஓவியங்கள் இரண்டு பெட்டிகளில் பத்திரமாக எஞ்சின. அவற்றில் பலவற்றில் குழந்தைகளின் பெயர் இருக்கிறது. எண்களாக்கப்பட்டவர்கள் இன்னார் என்று இன்று நமக்குத் தெரிவது அதனால்தான். வேறு ஒருவருக்காகவே நாள் முழுதும் ஓடுகிறவர்கள், அம்மா, மருமகள், அண்ணி என்று மட்டுமே அழைக்கப்படுகிறவர்கள், தங்கள் பெயரைத் தாங்களே எழுதிப் பார்ப்பதை நான் திண்ணையில் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். சிலர் இனிஷியலோடு, நிறுத்தி நிதானமாக எழுதுகிறார்கள்.

எங்கே நிறுத்துவது

கலைச் சிகிச்சை என்பது பயிற்சி பெற்றவர்கள் நோயாளியோடு உட்கார்ந்து செய்யும் முறையான தொழில். நாம் வீட்டில் செய்வது ஆறுதல் தரும் பழக்கம். இதை நம்பி மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தக் கூடாது. தீட்டும்போது பழைய பயங்கரம் ஏதாவது மேலெழுந்து உடம்பு நடுங்கினால் அங்கேயே நிறுத்துங்கள். முகம் கழுவி, தரையில் காலை ஊன்றி உட்கார்ந்து, பக்கத்தில் யாரையாவது அழையுங்கள். வாரக்கணக்கில் தூக்கமோ பசியோ இல்லை, உயிரோடு இருக்க வேண்டுமா என்ற எண்ணம் வருகிறது என்றால் பென்சிலுக்குக் காத்திருக்காமல் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416க்குப் பேசுங்கள். இரவு பகல் எப்போதும் அழைக்கலாம், கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

மனநல மருத்துவரைப் பார்க்கப் போகும்போது தேதி போட்ட தாள்களை ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள். "எப்படி இருக்கிறீர்கள்?" என்ற கேள்விக்கு வாய் வராவிட்டால், எந்தத் தாளை எந்த நாளில், எப்படிப்பட்ட இரவுக்குப் பிறகு தீட்டினீர்கள் என்பதிலிருந்து பேச்சைத் தொடங்கிவிடலாம்.