சிபாப் போட்டுத் தூங்கும்போது வாய் வழியாகக் காற்று போகிறதா? வாயைக் கட்டும் முன் மூக்கைப் பாருங்கள்

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற ஸ்லீப் ஆப்னியா நோய்க்காக, மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்திக் கொடுக்கும் சிபாப் மெஷின் வீட்டுக்கு வந்த முதல் மாதத்திலேயே தாடையைத் தூக்கிக் கட்டும் பட்டை ஒன்று வாங்கினேன், அடுத்த மாதம் வாயில் ஒட்டுகிற டேப் வாங்கினேன். காலையில் எழுந்தால் நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கிடக்கும், ராத்திரி முழுக்க புஸ்ஸு புஸ்ஸென்று சத்தம் வருகிறது என்று மனைவி சொல்லிக்கொண்டே இருந்தார், அதனால் வாயை மூடிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன். ஐந்து மாதம் கழித்து இ.என்.டி. டாக்டர் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு பக்கமும் உள்சதை இப்படி வீங்கியிருக்கிறதே, இதில் எப்படி மூச்சு விடுகிறீர்கள் என்று கேட்டார். மூக்கு அடைத்திருந்ததால்தான் வாய் திறந்திருக்கிறது. அந்த ஐந்து மாதத்தை இன்னொருவர் இழக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

மெஷின் என்ன செய்கிறது என்பது புரிந்தால் மற்றதெல்லாம் சுலபம். தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து காற்று போகும் வழியை அடைத்துக்கொள்வதுதான் இந்த நோய். மூக்கு வழியாகத் தொடர்ந்து காற்றை அழுத்திக் கொடுத்தால் அந்த வழி மூடாமல் நிற்கும் என்று சிட்னியில் காலின் சல்லிவனும் அவருடைய குழுவினரும் 1981இல் காட்டினார்கள். வீட்டு மெஷின்களில் இந்த அழுத்தம் பொதுவாக 4 முதல் 20 சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் தரும் அளவு வரை இருக்கும். வாய் மூடியிருக்கும்போது நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டியிருக்கும், பின்னாலிருக்கும் மென்மையான அண்ணம் நாக்கின் மேல் படிந்து வாய்ப்பக்கத்தை அடைத்துவிடும், அதனால் காற்றழுத்தம் தொண்டையிலேயே நிற்கும். தாடை தொங்கியதும் அந்த அடைப்பு விட்டுப்போகிறது. மூக்கில் நுழைகிற காற்று நேராக வாய் வழியே வெளியே போய்விடுகிறது. மெஷின் எவ்வளவுதான் ஊதினாலும் தொண்டைக்குத் தேவையான அழுத்தம் கிடைக்காது, மூச்சு நிற்பதும் குறட்டையும் திரும்பி வரும், முழு இரவு மாட்டியிருந்தும் காலையில் அசதி போகாது.

இதில் ஒரு விஷச் சுழல் இருக்கிறது, பலருக்கும் இதை யாரும் சொல்வதில்லை. வாய் வழியே கசியும்போது காற்று மூக்கில் ஒரே திசையில், உள்ளே மட்டும், வேகமாகப் போய்க்கொண்டே இருக்கிறது. சாதாரணமாக வெளியே விடும் மூச்சு மூக்குக்குத் திருப்பித் தருகிற ஈரமும் சூடும் கிடைப்பதில்லை. உட்சவ்வு காய்கிறது, எரிச்சலில் வீங்குகிறது, மூக்கு இன்னும் அடைக்கிறது, வாய் இன்னும் திறக்கிறது. அதே சிட்னிக் குழுவினர் 1996இல் இதை அளந்து பார்த்தார்கள். வாய்க் கசிவு இருந்தபோது மூக்கின் தடை பல மடங்கு ஏறியது, காற்றைச் சூடாக்கி ஈரப்படுத்திக் கொடுத்தபோது அந்த ஏற்றம் பெருமளவு தடுக்கப்பட்டது, வெறும் குளிர்ந்த ஈரத்தால் அவ்வளவு பலன் இல்லை. மெஷினோடு இருக்கும் தண்ணீர்த் தொட்டியால் காற்றைச் சூடாக்கி ஈரப்படுத்துகிற ஹியூமிடிஃபயரை வசதிக்கான கூடுதல் பாகம் என்று நினைத்து அணைத்து வைத்திருப்பவர்கள் இந்த இடத்தைத் திரும்ப ஒருமுறை படியுங்கள்.

அணைத்து வைக்க ஒரு காரணம் எல்லோரிடமும் இருக்கும்: டியூபில் தண்ணீர் கோத்துக்கொண்டு மூக்கில் தெறிக்கிறது என்பார்கள். ஏசியை 20இல் வைத்துப் படுத்தால் அப்படித்தான் ஆகும், சூடான ஈரக்காற்று குளிர்ந்த டியூபில் பட்டுத் தண்ணீராகிவிடுகிறது. அதற்கு ஏசியை இரண்டு மூன்று டிகிரி ஏற்றுங்கள், சூடாகும் டியூப் கிடைத்தால் அதை மாட்டுங்கள், இல்லாவிட்டால் டியூபுக்கு ஒரு துணி உறை போடுங்கள், டியூபைப் போர்வைக்குள் விட்டாலும் போதும். ஈரத்தை நிறுத்திவிடாதீர்கள். தொட்டியில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். போர் தண்ணீர் ஊற்றினால் சில வாரத்தில் அடியில் வெள்ளையாக உப்புப் படியும். பெட்ரோல் பங்கில் பேட்டரிக்கு விற்கும் தண்ணீர் மூச்சுக்காகத் தயாரித்தது இல்லை, அதை வாங்காதீர்கள். மிச்சத் தண்ணீரை மறுநாளுக்கு வைக்காமல் தினமும் கொட்டிவிட்டு, தொட்டியைக் கழுவிக் காயவையுங்கள்.

சரி, மூக்கு அடைத்திருக்கிறது என்று தெரிந்தபின் நடக்கிற அடுத்த தவறு மருந்துக்கடைச் சொட்டு மருந்து. சைலோமெட்டாசோலின், ஆக்ஸிமெட்டாசோலின் போட்ட சொட்டுகள் ஐந்து நிமிடத்தில் மூக்கைத் திறந்துவிடும், அதனாலேயே ஆபத்து. மூன்று நாள், மிஞ்சிப்போனால் ஐந்து நாளுக்கு மேல் போட்டால் மருந்தின் வேகம் இறங்கும்போதெல்லாம் மூக்கு முன்னைவிட அதிகமாக அடைக்கும், அப்புறம் அது இல்லாமல் படுக்கவே முடியாது. நீண்ட நாள் அடைப்புக்கு டாக்டர்கள் வேறு வகை ஸ்ப்ரே தருவார்கள், தினமும் தவறாமல் அடிக்க வேண்டும், பலன் தெரியச் சில நாள் முதல் ஓரிரு வாரம் வரை ஆகும். எனக்கு அதுதான் வேலை செய்தது. மூக்கின் நடுச்சுவர் ரொம்ப வளைந்திருந்தால், உள்ளே சதை வளர்ந்திருந்தால் ஸ்ப்ரேயால் மட்டும் தீராது, அதை இ.என்.டி. பார்த்துத்தான் சொல்ல வேண்டும். உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவுவது நல்ல பழக்கம், ஆனால் குழாய்த் தண்ணீரை நேரே விடாதீர்கள், கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர் அல்லது டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். சுத்திகரிக்காத தண்ணீரோடு மூக்கில் ஏறி மூளையைத் தாக்கும் அமீபா அபூர்வம்தான், வந்தால் பெரும்பாலும் உயிர் தப்பாது.

அடுத்து, கசிவு எங்கே என்றே பார்க்காமல் வாய்தான் காரணம் என்று முடிவு கட்டுவது. மாஸ்க் ஓரத்தில் கசிந்தாலும் சத்தம் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். கண்ணில் காற்று அடிக்கிறதா, காலையில் கண் காய்ந்து எரிகிறதா, அப்படியென்றால் மாஸ்க். வாய் மட்டும் காய்ந்திருந்து, தொட்டித் தண்ணீர் விடிவதற்குள் தீர்ந்துவிடுகிறது, கன்னம் புடைத்து உதட்டு வழியே புர்ரென்று காற்று பிரிகிறது என்றால் வாய். வாய் வறட்சி மட்டும் இருந்தால் அதற்கு அலர்ஜி மாத்திரை, சில மனநல மருந்துகள், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை என்று வேறு காரணங்களும் உண்டு.

மாஸ்க் கசிவுக்கு நம் ஊரில் நான் அதிகம் பார்க்கிற காரணம் எண்ணெய். ராத்திரி முகத்தில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு அதன் மேல் சிலிகோன் மாஸ்க்கை வைத்தால் அது எப்படி நிற்கும்? படுக்கும் முன் சோப்புப் போட்டு முகம் கழுவுங்கள், மாஸ்க்கின் குஷனையும் தினமும் இளஞ்சூட்டு நீரில் கழுவுங்கள். மூக்கு காய்கிறது என்று வாசலின் தடவுவதும் வேண்டாம், அது சிலிகோனைச் சீக்கிரம் கெடுக்கும். அப்புறம், உட்கார்ந்துகொண்டு மாஸ்க்கை மாட்டிப் பார்த்துப் பட்டையை முறுக்கி இறுக்காதீர்கள். படுத்த பிறகு, மெஷினை ஓடவிட்டு, எப்போதும் தூங்குகிற பக்கம் திரும்பிக்கொண்டு சரிசெய்யுங்கள். இறுக்க இறுக்க குஷன் நசுங்கி இன்னும் கசியும், மூக்குத்தண்டில் புண் வரும்.

எண்களைப் படிப்பதிலும் குழப்பம் இருக்கிறது. மாஸ்க்கில் சின்னச் சின்னத் துளைகள் இருக்குமே, நாம் விடும் கரியமில வாயு வெளியேறுவதற்காக வேண்டுமென்றே வைத்தவை அவை. அந்தக் காற்றைக் கசிவு என்று நினைத்து பிளாஸ்டர் போட்டு ஒட்டியவரை நேரில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், விட்ட மூச்சையே திரும்ப இழுப்பீர்கள். ரெஸ்மெட் நிறுவனத்தின் மெஷின்கள் இந்தத் துளைக் காற்றைக் கழித்துவிட்டு மிச்சக் கசிவை மட்டும் காட்டும், நிமிடத்துக்கு 24 லிட்டரைத் தாண்டினால் அதைப் பெரிய கசிவாகக் கணக்கிடும். வேறு சில மெஷின்கள் துளைக் காற்றையும் சேர்த்து மொத்தமாகக் காட்டும். அதனால் உங்கள் எண்ணையும் நண்பரின் எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். கசிவு அதிகமாக இருந்த இரவில் திரையில் தெரிகிற ஏ.எச்.ஐ. (ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்ற எண்) குறைவாக இருந்தாலும் அதை அப்படியே நம்ப முடியாது, காற்று ஓட்டம் சரியாகத் தெரியாதபோது மெஷினால் மூச்சு நிற்பதையும் சரியாக எண்ண முடியாது.

பிரஷர் விஷயத்துக்கு வருகிறேன். தேவைக்கேற்பத் தானே பிரஷரை ஏற்றி இறக்கும் மெஷினைக் கொண்டுவந்து கொடுப்பவர் பெட்டியிலிருந்து வந்தபடியே 4 முதல் 20 என்று விட்டுவிட்டுப் போய்விடுகிறார், இது நிறைய வீடுகளில் நடக்கிறது. பெரியவர்கள் பலருக்கு 4 போதாது, காற்றுப் பசியில் வாயைத் திறப்பார்கள். நடுராத்திரியில் அது திடீரென்று 14, 15 என்று ஏறும்போது அந்த வேகத்தில் உதடு பிரியும். ஸ்லீப் ஸ்டடி என்கிற தூக்கப் பரிசோதனை முடிவையும் மெஷின் பதிவையும் பார்த்து டாக்டர் இந்த இடைவெளியைச் சுருக்கிக் கொடுத்தாலே பாதிப் பேருக்கு மேல் நிம்மதி கிடைக்கும் என்பது என் எண்ணம். மூச்சு விடும்போது மட்டும் பிரஷரைக் கொஞ்சம் இறக்கும் வசதியும் உண்டு, அதையும் கேளுங்கள். ஆனால் நீங்களாகவே மெனுவுக்குள் போய் மாற்றாதீர்கள், கசிவைக் குறைக்கிறேன் என்று பிரஷரை இறக்கினால் கசிவு நிற்கும், கூடவே மூச்சும் நிற்க ஆரம்பிக்கும்.

தாடைப் பட்டையைப் பற்றி ஒன்று. அது தாடையைத் தாங்கும், உதட்டை மூடாது. தாடை தொங்குகிறவருக்கு உதவும், உதட்டு ஓரத்தில் புர்ரென்று கசிகிறவருக்கு உதவாது. வாங்கினால் தாடையை மேல்நோக்கித் தூக்குவதாகப் பார்த்து வாங்குங்கள், பின்னோக்கி இழுத்தால் நாக்கின் அடிப்பகுதியும் பின்னால் போய்த் தொண்டை இன்னும் குறுகும். உயரமான இரண்டு தலையணை வைத்துக் கழுத்தை மடித்துப் படுப்பதும் கெடுதல். ஒருக்களித்துப் படுத்தாலே தாடை தொங்குவது சிலருக்கு நின்றுவிடுகிறது, காசு செலவில்லாத வழி, முதலில் அதை முயன்று பாருங்கள்.

டேப் விஷயத்தில் நான் கடுமையாகத்தான் சொல்வேன். மூக்கு முழுதாகத் திறந்திருக்கிறது என்று தெரியாமல் வாயை ஒட்டாதீர்கள். கரண்ட் போனால் மெஷின் நிற்கும், மூக்கும் அடைத்து வாயும் ஒட்டியிருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். நெஞ்செரிச்சலும் எதுக்களிப்பும் உள்ளவர்கள், தூக்க மாத்திரை போடுகிறவர்கள், மது அருந்தியவர்கள், தன் கையால் சட்டென்று பிரித்தெடுக்க முடியாத முதியவர்கள், குழந்தைகள், இவர்கள் யாருக்கும் டேப் கூடவே கூடாது. மற்றவர்களும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான்.

மூக்கு எப்படியும் திறக்காது என்றால் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற ஃபுல் ஃபேஸ் மாஸ்க் சரியான வழி, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கசிகிறது என்ற உடனே முதல் வாரத்திலேயே அதற்குத் தாவுவதுதான் தவறு. பெரிய மாஸ்க் முகத்தில் அதிக இடத்தில் பொருந்த வேண்டும், தாடை அசையும்போதெல்லாம் ஓரம் விலகும், சிலருக்குத் தாடையைப் பின்னால் தள்ளும், பலருக்குப் பிரஷரும் கூடுதலாகத் தேவைப்படும். மாற்றினால் பிரஷரை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். வாந்தி வந்தால் தானே கழற்ற முடிகிறவர்தான் அதைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

வீட்டில் பெரியவர்களுக்கு என்றால் பல்செட்டை மறந்துவிடாதீர்கள். என் அத்தைக்கு ஸ்லீப் ஸ்டடியில் நன்றாகப் பொருந்திய மாஸ்க் வீட்டில் கசிந்துகொண்டே இருந்தது. அங்கே பல்செட்டோடு படுத்திருக்கிறார், வீட்டில் தினமும் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டுப் படுக்கிறார், கன்னமும் உதடும் உள்வாங்கியதும் முகத்தின் அளவே மாறிவிடுகிறது. பல் டாக்டர் ராத்திரியில் பல்செட் வேண்டாம் என்று சொல்லியிருந்ததால், பல்செட் இல்லாமலே அளவெடுத்து வேறு மாஸ்க் வாங்கினோம், கசிவு நின்றது.

இத்தனையும் பார்த்தும் நிற்கவில்லை என்றால், அல்லது கசிகிறதே என்ற வெறுப்பில் மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம் என்று தோன்றினால், அதற்கு முன்னால் ஒரு வாரம் குறித்து வையுங்கள்: எந்தப் பக்கம் படுத்தீர்கள், மூக்கு எப்படி இருந்தது, என்ன மாத்திரை போட்டீர்கள், காலையில் வாய் காய்ந்திருந்ததா, தொட்டியில் எவ்வளவு தண்ணீர் மிச்சம். அந்தத் தாளையும், மெஷினின் பக்கவாட்டில் இருக்கும் எஸ்டி கார்டையும், மாட்டுகிற மாஸ்க்கையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் டாக்டர் மேசையில் வையுங்கள்.