கொங்கு நாட்டில் பெண்களுக்கான உள்ளரங்க டென்னிஸ் போட்டி நடத்தும் முறை

ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று, பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கங்களில் சர்வீஸுக்குத் தூக்கிப் போட்ட பந்தையே தள்ளிக்கொண்டு போய்விடும். அந்தப் பருவத்தில் பெண்களுக்குப் பரிசுப் போட்டி நடத்த விரும்புவோர் கூரையுள்ள கூடத்தை நாடுவதே சரி.

ஆனால் கூடம் தேடுவதற்கு முன்பே பரிசுத் தொகையை முடிவு செய்து, வங்கியில் தனிக் கணக்கில் போட்டுவிட வேண்டும். 1970-இல் லாஸ் ஏஞ்சலஸ் பசிபிக் சவுத்வெஸ்ட் போட்டியில் ஆண் சாம்பியனுக்கு 12,500 டாலர், பெண் சாம்பியனுக்கு 1,500 டாலர், காலிறுதியை எட்டாத பெண்களுக்கு ஒன்றுமில்லை என்று அறிவித்தார்கள். அதை ஏற்க மறுத்த பில்லி ஜீன் கிங், ரோசி கேசல்ஸ் உள்ளிட்ட ஒன்பது பேர், டென்னிஸ் பத்திரிகை நடத்திய கிளாடிஸ் ஹெல்ட்மனிடம் ஆளுக்கு ஒரு டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத் தனி வழியில் இறங்கினார்கள். 1971 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவில் அவர்கள் ஆடியது உள்ளரங்கப் போட்டிதான். ஆகவே முதல் சுற்றில் தோற்பவருக்கும் பயணச் செலவை ஈடுகட்டும் தொகை கட்டாயம் இருக்க வேண்டும். அவர்களுடைய சுற்றுக்குப் பணம் கொடுத்தது ஒரு சிகரெட் நிறுவனம்; 2003-ஆம் ஆண்டுப் புகையிலை விளம்பரத் தடைச் சட்டப்படி இங்கே அதற்கு இடமில்லை, தேவையும் இல்லை. திருப்பூர் பனியன் கம்பெனிகளையும் கோவை பம்ப்செட் நிறுவனங்களையும் அணுகலாம். மாநில டென்னிஸ் சங்கத்தின் அனுமதியையும் முன்கூட்டியே பெற்றுவிடுங்கள்.

கூடத்தின் உட்பகுதியில் 120 அடி நீளமும் 60 அடி அகலமும் தூணில்லாமல் கிடைக்க வேண்டும். வலைக்கு மேலே 30 அடி உயரம் தடையின்றி இருப்பது நல்லது. பெரும்பாலான கல்யாண மண்டபங்களும் மில் குடோன்களும் நீளத்தில் தேறினாலும் உயரத்தில் அடிபட்டுவிடும் என்பதால், கூரையை விட்டுவிட்டு, மிகத் தாழ்ந்த விட்டத்தையோ மின்விசிறியையோ அளந்து பாருங்கள். விளக்குகள் ஆடுகளத்துக்கு நேர் மேலே தொங்காமல் இரு பக்கவாட்டிலும் வரிசையாக அமைய வேண்டும். இல்லாவிட்டால் லாப் அடித்த (எதிராளியின் தலைக்கு மேலே உயரத் தூக்கி அடித்த) பந்து கண்கூச்சத்தில் மறைந்துவிடும். ஆடுகளத்தின் இரு முனைகளிலும் உள்ள பேஸ்லைன் கோட்டுக்குப் பின்னால் அடர்பச்சைத் துணி கட்டுங்கள். அதில் வெள்ளை, மஞ்சள் எழுத்து விளம்பரம் எதுவும் வேண்டாம்.

தரைக்குத்தான் மிகுந்த கவனம் தேவை. மார்பிள், டைல்ஸ் வழுக்கும் என்பதால் அவற்றின் மேல் ஆட விடக் கூடாது. சமமான சிமென்ட் தரையில் டென்னிஸுக்கான செயற்கை விரிப்பைப் போட்டு, ஒவ்வோர் இணைப்பையும் மண்டியிட்டு உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். பின்பு 100 அங்குல உயரத்திலிருந்து ஒரே பந்தை இணைப்பின் மேல் ஒருமுறையும் ஓர் அடி தள்ளி ஒருமுறையும் போடுங்கள். இரண்டும் ஒரே உயரத்துக்கு எழும்பாவிட்டால் விரிப்பை மறுபடியும் இழுத்து ஒட்ட வேண்டும்.

ஒரே ஆடுகளம், 16 வீராங்கனைகள் என்றால் மொத்தம் 15 ஆட்டங்கள். புதன் முதல் வெள்ளி வரை நாளுக்கு நான்கு, சனியன்று அரையிறுதி இரண்டு, ஞாயிறன்று இறுதி என்று வைத்துக்கொள்ளலாம். தகரக் கூரை நண்பகலில் கொதிக்குமாதலால் காலையிலும் மாலையிலும் ஆட்டங்களைப் பிரித்து வையுங்கள். ஜெனரேட்டரும், உட்தாழ்ப்பாள் உள்ள உடைமாற்றும் அறையும், தூய்மையான கழிப்பறையும் முதல் நாளே தயாராக இருக்க வேண்டும். தோற்றவருக்கு உரிய காசோலையை அவர் ஊருக்குப் பேருந்து ஏறும் முன், அன்று மாலையே கையில் கொடுத்துவிடுங்கள்.