அடிவாரத்து ஊற்றுக் கிணற்றில் குதித்து நீந்த: முதல் முறை போகிறவர்களுக்கு

சேர்வராயன் மலையில் பெய்யும் மழையில் ஒரு பங்கு ஓடையாக இறங்கும். இன்னொரு பங்கு பாறை வெடிப்புக்குள் புகுந்து, அடிவாரத் தோட்டக் கிணறுகளின் சுவரில் ஊற்றுக்கண்ணாகத் திறக்கும். சேலம் பக்கத்தில் நீந்திக் குதிக்க நல்ல தண்ணீர் இந்தக் கிணறுகளில்தான் இருக்கிறது. ஏற்காடு ஏரி படகுக்கானது. கிளியூர் அருவியின் கீழே பாறை, அதோடு மேலே மழை பிடித்தால் வெள்ளம் சொல்லாமல் வரும். அங்கே குதிக்க வேண்டாம்.

1. காலமும் கிணறும்

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து கலங்கல் தெளிந்தபின், மார்கழி முதல் மாசி வரை நல்ல காலம். நிலத்தடி நீரின் சூடு அதிகம் மாறாததால், மார்கழிக் காலையில் வெளிக்காற்றைவிடத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். சித்திரையில் அடியில் தேங்கிப் பச்சை பிடித்த தண்ணீரில் இறங்காதீர்கள்.

அகலமான, இன்றும் பாசனத்துக்கு ஓடுகிற கிணறாக இருக்கட்டும். குறுகலான, கைவிட்ட கிணற்றின் அடியில் நச்சுக்காற்று தங்கியிருக்கலாம். மெழுகுவத்தி இறக்கிப் பார்க்கும் சோதனை எல்லா வாயுவையும் காட்டாது. அந்தக் கிணற்றை விட்டுவிடுங்கள்.

தோட்டத்துக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். பல வீடுகள் அதே தண்ணீரைக் குடிக்கின்றன. சோப்பு, சீயக்காய், எண்ணெய் எதுவும் கூடாது.

2. மோட்டார்

கிணற்றில் இறங்கும் முன் மோட்டாரின் ஸ்டார்ட்டரை அணைத்தால் போதும் என்று நினைப்பதுதான் இங்கே நடக்கும் தவறு. மும்முனை மின்சாரம் விட்டு விட்டு வருவதால், பல தோட்டங்களில் ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டியிருப்பார்கள். கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடும். மெயினை இறக்கி, பியூஸ் கேரியரையும் கழற்றித் தோட்டத்துக்காரர் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். நீர்மூழ்கி மோட்டாரின் கேபிள் தொங்கும் பக்கம் போகவே வேண்டாம்.

3. ஏறும் வழி

குதிக்கும் இடத்துக்கு முன் ஏறும் இடத்தைப் பாருங்கள். படிக்கட்டு தண்ணீருக்குள்ளும் இறங்கியிருக்க வேண்டும். சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கற்படி என்றால் ஒவ்வொன்றையும் மிதித்துச் சோதியுங்கள். நீர்மட்டம் ஏறி இறங்கும் பட்டையில்தான் பாசி வழுக்கும். கயிறு பிடித்து மட்டுமே ஏற முடிகிற மொட்டைக் கிணறு புதியவர்களுக்கு ஆகாது.

4. ஆழம் பார்ப்பது

இந்தப் படியில் அவசரம் கூடாது. நம் பக்கத்துக் கிணறுகளில் மேலே மண் இருக்கும் வரை அகலமாகத் தோண்டிக் கல் கட்டியிருப்பார்கள். அதற்குக் கீழே பாறையை வெடி வைத்து உடைத்திருப்பார்கள், அங்கே கிணறு குறுகும். இரண்டும் சேரும் இடத்தில் சுவரை ஒட்டிப் பாறைத் திட்டு ஒன்று நின்றுவிடும். சித்திரையில் அந்தத் திட்டில் உட்கார்ந்து துணி துவைக்கலாம். மார்கழியில் அதே திட்டு 3, 4 அடித் தண்ணீருக்குள் மறைந்திருக்கும். கிணறு நிறைந்திருக்கும்போதுதான் கால் உடைவதற்கு இதுவே காரணம்.

கண்ணை நம்பாதீர்கள். தெளிந்த தண்ணீரில் 12 அடி ஆழம் நேர் மேலிருந்து பார்க்க 9 அடி போலத் தெரியும். நிழல் விழுந்தால் 4 அடித் திட்டும் அடியில்லாத இருட்டாகத் தெரியும்.

நைலான் கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் அரைக் கிலோ கல்லைக் கட்டுங்கள். கயிற்றை ஒரு நீண்ட மூங்கில் நுனி வழியாக இறக்கி, சுவரிலிருந்து 2, 4, 6, 8 அடி தள்ளி நான்கு இடத்தில் அளவெடுங்கள். நான்கிலும் 12 அடிக்குக் குறையாமல் இருந்தால்தான் 10 அடி உயரம் வரை நின்று குதிக்கலாம். ஓரிடத்தில் குறைந்தாலும் பக்கத்தை மாற்றுங்கள். பழைய கவலை (மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் ஏற்பாடு) ஓட்டிய பக்கத்தில், தண்ணீர் மொள்ளும் சால் இடிபடாமல் இறங்கச் சுவரை நேராக எடுத்திருப்பார்கள். முதலில் அங்கே அளந்து பாருங்கள்.

5. மிதவையும் கயிறும்

அந்தக் காலத்தில் சுரைக்குடுக்கை கட்டுவார்கள். இன்று லாரி டியூபைவிட, மூடி இறுகிய 5 லிட்டர் கேன் இரண்டை முதுகில் துண்டால் கட்டுவதையே நான் சொல்வேன். டியூப் அக்குள் வழியாக நழுவும், அதன் வால்வு விலாவைக் கிழிக்கும். கேன் கட்டிக்கொண்டு குதிக்கக் கூடாது, படி வழியாக இறங்கி நீந்தத்தான் அது.

மூன்றாவது கேன் ஒன்றை 50 அடிக் கயிற்றில் கட்டி, மறுமுனையை மரத்தில் முடிந்து மேலே வையுங்கள். யாராவது தத்தளித்தால் கேனை வீசுங்கள், பின்னாலேயே குதிக்காதீர்கள். மேலே ஒருவர் நனையாமல் நிற்பது கட்டாயம்.

6. குதிப்பது

முதலில் படி வழியாக இறங்கி உடம்பை நனைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஓடி வராமல் நின்ற இடத்திலிருந்து ஒரு எட்டு முன்னால் வைத்துக் கால் கீழாகக் குதியுங்கள். இரண்டு காலும் சேர்ந்து, முட்டி லேசாக மடங்கி, பார்வை எதிர்ச்சுவரில் இருக்கட்டும். ஒரு கை மூக்கைப் பிடிக்கட்டும், மற்றது நெஞ்சோடு. 10 அடியிலிருந்து விழும்போது வேகம் மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர், 20 அடியிலிருந்து 39. முதல் நாள் தலைகீழாகவும் வேண்டாம், பல்டியும் வேண்டாம்.

7. முங்கு நீச்சல்

காது வலித்தபின் அழுத்தத்தைச் சரிசெய்வது கடினம். 2, 3 அடிக்கு ஒருமுறை மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக்கொண்டே இறங்குங்கள். அடைப்பு விடாவிட்டால் மேலே வந்துவிடுங்கள். சளி பிடித்த நாளில் முங்க வேண்டாம், காதில் பஞ்சும் வேண்டாம். ஆழத்துக்கு நீச்சல் கண்ணாடி ஒத்துவராது, அழுத்தம் கண்ணைப் பிதுக்கும். மூக்கையும் மூடும் மாஸ்க் வாங்குங்கள். நெடுநேரம் மூச்சடக்க வேண்டுமென்று வேகவேகமாக மூச்சு இழுத்துவிட்டு முங்கினால், எச்சரிக்கையே இல்லாமல் நினைவு தப்பும்.

பிற்சேர்க்கை

காலையில் அளந்த ஆழம் மாலையில் இருக்காது. நடுவே மோட்டார் ஓடினால் மட்டம் பல அடி இறங்கிவிடும், ஊற்று அதை நிரப்ப இரவு முழுக்க ஆகலாம். தண்ணீர் விளிம்புக்கு நேரே சுவரில் சுண்ணாம்பால் கோடு போடுங்கள். கோடு வெளியே தெரிந்தால் திரும்பவும் கயிற்றை எடுங்கள்.