கடலோரக் கார் பயணமா? ஏற்றவற்ற நேரம் பார்த்து நில்லுங்கள்

கடலோரமாக இருவராகக் காரில் போகும்போது, எந்த ஊரில் எப்போது நிற்பது என்பதைக் கடல் ஏற்றவற்ற அட்டவணையை (கடல்நீர் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று காட்டுவது) பார்த்து முடிவு செய்யுங்கள். படகுக்குக் காசு கொடுக்காமலே கரையிலிருந்து நிறையப் பார்க்கலாம்.

தண்ணீர் வற்றியிருக்கும்போது உள்ளான் போன்ற கரைப்பறவைகள் சேற்றுப்பரப்பில் வெகுதூரம் சிதறி இரை தேடும். பைனாகுலரிலும் வெறும் புள்ளிகள்தான். ஏற்றம் உச்சத்தைத் தொட இரண்டு மணி நேரம் இருக்கும்போது போய் நில்லுங்கள். ஏறிவரும் நீர் அவற்றைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டே வரும். காரை விட்டு இறங்காமல் இருந்தால் இன்னும் நல்லது, ஆளைக் கண்டால்தான் அவை மிரளும். அலகு சேற்றில் இறங்கிப் புழுவை இழுப்பதுவரை தெரியும்.

பாறைக் குட்டைகளுக்கு நேர்மாறு. நட்சத்திர மீன், கடல் சாமந்தி (பூப்போலத் தெரியும் கடல் உயிரி) பார்க்க நன்றாக வற்றிய நேரம் வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அதிகம் வற்றும். நீர் திரும்பத் தொடங்கியதும் கரையேறிவிடுங்கள், தாமதிக்கவே வேண்டாம்.

ஏற்றவற்ற நேரம் பெரும்பாலும் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், ஊருக்கு ஊரும் மாறும். ஓட்டாதவர் அன்றன்று பார்த்துச் சொல்லட்டும்.

மத்தியதரைக்கடல், பால்டிக் கடல் கரைகளில் பெரும்பாலும் ஏற்றவற்றம் மிகக் குறைவு, அங்கே இது பலிக்காது. திமிங்கிலம் பார்க்கவும் இது உதவாது, அதற்குப் பருவகாலம்தான் முக்கியம்.